புளிப்பு போன கை

என் ஓரகத்தியின் கையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. அறுபத்தொன்பது வயதில் ஒருத்தி இன்னொருத்தியின் தங்க வளையலைப் பார்த்து வயிறெரிந்தாள் என்றால் நாலு பேர் ஒத்துக்கொள்வார்கள். நான் வயிறெரிந்தது அவளுடைய வெறும் தோலைப் பார்த்து.

எங்களுக்கு பஜாரில் வளையல் கடை. மாமனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து வைத்தது. ஊரில் தங்கச் சுரங்கம் மூடினாலும் வளையல் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சரக்கு எடுத்து வருவதும் அடுக்குவதும் என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும். வந்தவர்கள் கையில் வளையல் ஏற்றுவது எங்கள் இரண்டு பேர் வேலை. கடைக்குள்ளே இரண்டு முக்காலி. ஒன்றில் நான், ஒன்றில் கொழுந்தனார் பெண்டாட்டி. நாற்பத்து நாலு வருஷமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். வருகிறவர்களுக்கு நான் பெரியம்மா, அவள் சின்னம்மா.

கண்ணாடி வளையல் ஏற்றுவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தரம் ஏற்றிப் பார்க்கலாம். பெரிய அளவாகப் போட்டால் சுலபமாக ஏறிவிடும், பாத்திரம் தேய்க்கும்போது அதே சுலபத்தில் கழன்றும் விழும். கைக்கு அளவானதை ஏற்ற வேண்டும் என்றால் கையையே மடக்க வேண்டும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் படுக்க வைத்து, விரல் மொளிகளை அமுக்கி, சோப்பு நுரை தடவி, அந்தம்மா "ஆ" என்று வாயைத் திறப்பதற்குள் வளையல் மணிக்கட்டுக்குப் போய்விட வேண்டும். அஞ்சாவதுக்கு மேல் படிக்காத, வெளி ஆள் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத எனக்கு இந்த வேலை எப்படியோ வாய்த்தது.

அவள் அப்படி இல்லை. வாய்தான் அவளுக்கு முதல். யாராவது கடைக்குள் கால் வைத்தால் போதும். "வாங்க, வாங்க! இன்னா இவ்ளோ நாளா காணோம்? மருமவ கையக் கட்டிப் போட்டுட்டாளா?" என்பாள். வந்தவள் சிரித்துக்கொண்டே அவள் முக்காலிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். கன்னடத்தில் பேசுகிறவர்களுக்குக் கன்னடத்திலும் தெலுங்கில் பேசுகிறவர்களுக்குத் தெலுங்கிலும் கிண்டல் வைத்திருப்பாள். வலிக்காமல் ஏற வேண்டும் என்கிறவர்கள் மட்டும் என்னிடம் வருவார்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆடிக் காற்றில் என் கை கெட ஆரம்பித்தது. முதலில் மொளி மேல் சிவந்தது. பிறகு காய்ந்து, மீன் செதில் மாதிரி உரிந்தது. கார்த்திகை வருவதற்குள் விரல் இடுக்கில் மெல்லிய வெடிப்புகள் வந்துவிட்டன. மிளகாய்த் தூள் டப்பாவைத் திறந்தாலே எரியும். ஒரு பள்ளிக்கூடப் பெண் என் கையிலிருந்து தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "பெரியம்மா, உங்க கை உப்புத்தாள் மாதிரி குத்துது," என்றது. சொல்லிவிட்டு எழுந்து ஓரகத்தியின் முக்காலிக்கு எதிரில் போய் உட்கார்ந்தது. அவள் அந்தப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். என்னைவிட ஒரு வயதுதான் சின்னவள். அந்தக் கை அப்போதுதான் ஊறவைத்து உரித்த பாதாம்பருப்பு மாதிரி இருந்தது.

ஒரே கடை, ஒரே நுரைக் கப்பு, ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். அவள் கைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஏதோ கிரீம் வைத்திருக்கிறாள், எனக்குச் சொல்லாமல் பூசுகிறாள் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் அவள் டீ வாங்கப் போன சமயத்தில் அவள் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சீப்பு, நாலு ஊக்கு, பாதி கடித்த தேங்காய் பர்பி, கண் சொட்டு மருந்து. அடியில் ஒரு சின்ன டப்பா இருந்தது. அதைத் திறந்து விரலை விட்டேன். குங்குமம். அவள் திரும்பி வந்து, "அக்கா, உன் விரல்ல இன்னா செவப்பு? ரத்தமா?" என்று கேட்டாள். ஆமாம், வெடிப்பு என்று சொல்லிவிட்டேன்.

நான் சுத்தக்காரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வளையல் ஏற்றி முடித்ததும் பின்னால் குழாயடிக்குப் போய், அங்கே இருக்கும் நீலத் துணி சோப்பைப் போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவர் கையைத் தொடுவேன். கப்பில் நுரைக்குப் போடுவதும் அதே துணி சோப்பைச் சீவித்தான், நுரை கெட்டியாக நிற்கும் என்று. அவளோ கழுவவே மாட்டாள். ஈரத் துணியில் ஒரு துடை. அப்புறம் எண்ணெய் வைத்து வாரிய தலையில் இரண்டு கையையும் ஒரு தேய். எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். என் கை கெட்டதும், அழுக்குதான், யார் கையிலிருந்தோ ஒட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கழுவினேன்.

இவ்வளவு பதற்றத்துக்குக் காரணம் தை மாதத்தில் வந்த ஒரு வளைகாப்பு. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர்கள் பெண்ணுக்குக் காது குத்தினபோது முதல் வளையல் போட்டது நான். வயதுக்கு வந்தபோதும் கல்யாணத்துக்கும் நான்தான். அந்தப் பெண் இப்போது முழுகாமல் இருந்தாள். "வளைகாப்புக்குப் பெரியம்மாதான் வரணும், சொல்லிட்டேன்," என்று அந்த அம்மா தீபாவளிக்கே சொல்லியிருந்தார். வீட்டு வளைகாப்புக்கு எங்கள் கடையிலிருந்து போவது மரியாதையான விஷயம். பாயில் உட்கார வைப்பார்கள். எல்லாம் முடிந்ததும் பிள்ளைத்தாய்ச்சியே தாம்பூலத் தட்டைக் கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். பாட்டும் கிண்டலுமாக இருக்கும் என்று முக்கால்வாசிப் பேர் ஓரகத்தியைத்தான் கூப்பிடுவார்கள். இது ஒன்று எனக்கென்று வந்தது. இந்தக் கையோடு போனால் அந்தப் பெண் மேல் எப்படி வைப்பது?

மார்கழி பிறந்ததும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பங்காருபேட்டைக்குப் போனேன். அங்கே தோல் டாக்டர் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் வருவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதில் கழுவுகிறாய் என்று கேட்பாளே என்று துணி சோப்பில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன்.

டாக்டர் சின்ன வயது. கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள், பாட்டி என்பதற்கு அஜ்ஜி என்றாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறீங்க, அஜ்ஜி?"

"ஆள் வரும்போதெல்லாம்."

"எத்தனை ஆள் வருவாங்க?"

"முப்பது பேர் இருக்கும். பண்டிகை நாள்ல இன்னும் கூட."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மேசையிலிருந்து மஞ்சள் நிறக் காகிதத் துண்டுகள் சிலதை எடுத்தாள். ஒன்றை ஈரம் செய்து தன் முழங்கையில் ஒட்டிக் காட்டினாள். மஞ்சளாகவே இருந்தது. இன்னொன்றை என் புறங்கையில் ஒட்டினாள். பச்சையாக மாறியது. மூன்றாவதை நான் கொண்டுபோன சோப்பில் ஒட்டினாள். மைக்கூட்டில் முக்கி எடுத்தது மாதிரி கருநீலமாகிவிட்டது.

"இதுக்கு பி.எச். அளவுன்னு பேரு," என்றாள். "ஏழு நடுவுல. அதுக்குக் கீழே போனா புளிப்பு, மேலே போனா காரம், சுண்ணாம்பு மாதிரி. நம்ம தோல் லேசா புளிப்பு, அஞ்சு கிட்ட இருக்கும். அந்தப் புளிப்பு இருந்தாத்தான் தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசை ஒட்டி நிக்கும். கிருமி வராது, ஈரம் உள்ளேயே இருக்கும். இந்தத் துணி சோப்பு பத்து. ஒரு தடவை கழுவினா புளிப்பு போயிடும். சின்ன வயசுல கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடும். உங்க வயசுல மெதுவாத்தான் வரும். வர்றதுக்குள்ள நீங்க மறுபடி கழுவிடறீங்க."

"அழுக்குன்னு நெனச்சேன்," என்றேன்.

"அழுக்கு இல்லை அஜ்ஜி, நீங்க ரொம்பச் சுத்தம். அதான் வியாதி." களிம்பு எழுதிக் கொடுத்தாள். "மூணு வாரம் சோப்பு பேடா, வேண்டவே வேண்டாம். கப்புல கூடக் கை வைக்கக் கூடாது. வளையல் போடற வேலையை வேற யாராவது பார்க்கட்டும்."

வேற யாராவது என்றால் யார்? மூன்று வாரம் என் ஆட்களையெல்லாம் ஓரகத்தி முக்காலிக்கு அனுப்பிவிட்டு நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது நடக்காது என்று அங்கேயே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டார். நிறம் மாறும் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கிற மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"அது எங்க பேப்பராச்சே! சயனைடு தொட்டிக்கு ஷிப்டு பூரா சுண்ணாம்பு போட்டுகினே இருப்போம். பேப்பர் நீலமா வந்தாத்தான் மேஸ்திரி வாயத் தெறக்க மாட்டாரு. புளிப்பு ஏறிச்சின்னா போச்சி, விஷக் காத்து மேல வந்துரும்." என் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்குத் தலைகீழா கீது. சுண்ணாம்பு ஏறிப்பூட்ச்சி. கொஞ்சம் புளிப்ப ஊத்துங்க, பேப்பரு சரியாயிடும்!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது டாக்டர் சொன்னதைவிட நன்றாகப் புரிந்தது. தொட்டியில் ஒன்று கூடினால் இன்னொன்றைப் போட்டுச் சமம் செய்வார்கள். கப்பும் ஒரு தொட்டிதானே? சோப்பை நிறுத்த வேண்டியதில்லை, முக்காலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் ஓரகத்தி வருவதற்கு முன்னால் கடைக்குப் போய், சோப்புக் கப்பில் ஒரு முழு எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தேன். நுரை அப்படியே அமுங்கியது. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டு மேலே மிதந்தது. காரம் வெளியே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்கு முதலில் வந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் அம்மா. பொங்கலுக்குத் தனக்கு வளையல் போட்டுக்கொள்ள வந்தார். நேராக என் முக்காலிக்கு எதிரில் உட்கார்ந்தார். கப்பில் விரலை விட்டதும் வெடிப்பெல்லாம் தீயாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையில் தடவினேன். வழுக்கவில்லை. பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்று வளையல் எப்படியோ ஏறிவிட்டது. நாலாவது மொளியில் நின்றது. நாற்பத்து நாலு வருஷப் பழக்கத்தில் அமுக்கினேன். "டக்" என்று உடைந்துபோனது. கண்ணாடி அவர் கையில் கீறி ரத்தம் வந்தது. அதன் மேல் எலுமிச்சைத் தண்ணீரும் பட்டது.

"அய்யய்யோ, எரியுதே! இன்னா பெரியம்மா இது!"

ஓரகத்தி பாய்ந்து வந்தாள். அவர் கையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துணியால் ஒற்றி, ஊதி, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, பொங்கலுக்குச் செவப்பு வளையல் கேட்டீங்க இல்ல, தானா வந்துடுச்சு," என்று சிரிக்க வைத்துவிட்டாள். அப்புறம் கப்பைப் பார்த்தாள். "அக்கா, இன்னாத்த ஊத்தின? மோரு மாதிரி கீது!"

கப்பை முக்காலிக்கு அடியில் தள்ளினேன். அந்த அம்மா டியூப்லைட் வெளிச்சத்தில் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானைக்குள் மறைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"கையெல்லாம் இன்னா இப்படி கீது? ஒட்டிக்கற மாதிரியா?"

ஒட்டாது, இது வெறும் சோப்பால் வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாமல், கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். பிறகு, "தப்பா நெனச்சிக்காதீங்க பெரியம்மா. மாசமா இருக்கற பொண்ணு. வளைகாப்புக்கு சின்னம்மாவே வரட்டும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மறுபடி பங்காருபேட்டைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் டாக்டர் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம் திட்டினாள். "சோப்பு பத்துன்னா எலுமிச்சை ரெண்டு. சுண்ணாம்பால வெந்த கைய நெருப்புல காட்டுவீங்களா? புளிப்ப நீங்க ஊத்த வேணாம். தோலே செஞ்சுக்கும். அதைக் கழுவாம விட்டாப் போதும்."

எழுந்திருக்கும்போது கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அதே சோப்பில் கை வைக்கிற என் ஓரகத்திக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று.

"அவங்க கை எப்படிக் கழுவுவாங்க?"

"கழுவ மாட்டா. ஈரத் துணியில துடைச்சிட்டுத் தலையில தேச்சிக்குவா."

"எண்ணெய் வச்ச தலையா?"

"வழிய வழிய வைப்பா."

"அவ்வளவுதான் அஜ்ஜி," என்றாள் டாக்டர். "சோப்பையும் துடைச்சிட்டாங்க, எண்ணெயும் பூசிக்கிட்டாங்க. அவங்க சோம்பேறித்தனம் அவங்க கையைக் காப்பாத்திடுச்சு."

திரும்பி வரும்போது ரயில் ஜன்னலோரத்தில் அழுதேன். எதிரில் இருந்தவள் தூசி விழுந்ததா என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது? இத்தனை வருஷமாக ஓரகத்தியைவிட நான் ஒரு படி மேல் என்று நினைக்க எனக்கு இருந்தது அந்தச் சுத்தம் ஒன்றுதான். அதுதான் என் கையைத் தின்றிருக்கிறது. அவளிடம் நான் அருவருத்த ஒன்று அவளுக்கு மருந்தாக இருந்திருக்கிறது.

இந்தத் தடவை டாக்டர் சொன்னபடி நடந்தேன். வளைகாப்புக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் கை சரியானால் அந்த அம்மா மனசு மாறலாம் என்று ஒரு ஆசை. காலையும் மாலையும் களிம்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த, துணி சோப்பு மாதிரி காரமில்லாத ஒரு திரவத்தில் இரண்டே தடவை கழுவல். வீட்டில் பாத்திரம் என் வீட்டுக்காரர் தேய்த்தார். "இன்னாங்க, குழம்புச் சட்டியில நேத்து கொழம்பு அப்படியே கீதே," என்றால், "கையும் சுத்தம் சட்டியும் சுத்தம்னு ரெண்டும் கேக்காத," என்பார்.

கடையில் என்னை முன்பக்கம் நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசி, பெட்டி திறந்து காட்ட வேண்டும். "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நிறம் சொன்னதும் எல்லோரும் உள்ளே ஓரகத்தியிடம் போவார்கள். என்னிடமே வந்துகொண்டிருந்தவர்களும் போனார்கள். அவர்கள் கை ஒவ்வொன்றாக அவள் கைக்குள் போவதை முன்னால் நின்றுகொண்டு பார்த்தேன். ஒருத்தி, "சின்னம்மாகிட்டயும் வலிக்கவே இல்லையே," என்று ஆச்சரியப்பட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அதைச் செய்தேன். அவள் வழக்கம்போல் தலையில் கையைத் தேய்த்தாள். நான், "இன்னா பழக்கம் இது? ஜனங்க பார்க்கறாங்க. அசிங்கமா கீது. போய் சோப்பு போட்டுக் கழுவிகினு வா," என்றேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று பார்த்தால், "நீ சொன்னா சரிதான் அக்கா, அந்த அம்மாவும் வளைகாப்புக்கு வரச் சொல்லிகிறாங்க, சுத்தமா இருக்கணும்," என்று குழாயடிக்குப் போனாள். ஒவ்வொரு ஆளுக்கும் போனாள்.

அஞ்சாம் நாள் கையை நீட்டிக் காட்டினாள். "அக்கா, வறவறன்னு கீது பாரேன்." மொளி மேல் சாம்பல் பூத்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், வயிறு குளிர்ந்துபோனது. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. கடை மூடும்போது அவள் ஒரு விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். வெடிப்பு எரியும்போது நான் ஊதுவேனே, அதே மாதிரி. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பையிலிருந்து திரவப் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இனிமே இதுல கழுவு. துணி சோப்பு தொடாத. எண்ணெய் தேச்சிக்கோ."

"ஏன்?"

டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். புளிப்பு, காரம், அஞ்சு, பத்து. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் அவள் முகம் மாறியது.

"இது உனுக்கு எப்ப தெரியும்?"

நான் ஒரு வளையல் பெட்டியை மூடினேன்.

"அப்ப தெரிஞ்சேதான் என்னக் கழுவச் சொன்னியா?"

இன்னொரு பெட்டியை எடுத்து மூடினேன்.

"நாப்பது வருஷமா நீ இன்னா நெனைக்கறன்னு எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா அக்கா? பேசாம இருந்தா மனசு வெளிய தெரியாதா?" என்றாள். பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு கடையில் அவள் எல்லோரிடமும் பேசினாள், என்னைத் தவிர. கை அவளுக்கு நாலைந்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. அதிலும் எனக்கு ஒரு எரிச்சல். எனக்கு இருபது நாளுக்கு மேல் பிடித்தது.

ஆனால் ஆனது. வெடிப்பு மூடியது. செதில் நின்றது. ஒரு நாள் காலை புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குத்தவில்லை.

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மா வளையல் தேர்ந்தெடுக்க வந்தார். பச்சையும் சிவப்பும் எடுத்துக் கொடுத்தேன். வரப்போகிற கூட்டத்துக்கெல்லாம் போட வேண்டிய அளவு பார்த்துக் கட்டினேன். என் கை அவர் கண்ணுக்கு எதிரில்தான் இருந்தது. பாருங்கள், சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்து நாலு நாள் அந்த வார்த்தைக்காகத்தான் இருந்தேன். கட்டின பெட்டியை நீட்டிவிட்டு, கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது.

அவர் உள்ளே பார்த்து, "சின்னம்மா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க," என்றார்.

ஓரகத்தி முக்காலியிலிருந்து எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் முந்தானையை விலக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கடைக்கு வந்த சரக்கைக் காட்டுகிற மாதிரி அந்த அம்மாவின் கையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க. அது வியாதி இல்ல, சோப்பு. இப்ப சோப்பும் இல்ல, அதுவும் இல்ல. உங்க பொண்ணுக்கு மொத வளையல் போட்ட கை இது. நான் வந்தா பாட்டு பாடுவேன், அவ்ளோதான். பொண்ணு கை வீங்கி கீதுன்னு சொன்னீங்க. வலிக்காம ஏத்தணும்னா இவங்கதான்."

அந்த அம்மா தடவிப் பார்த்தார். "அடடே!" என்றார். "அப்ப ரெண்டு பேருமே வாங்க!"

அவர் போனதும் நான் ஓரகத்தியிடம் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். என் கையை நான் காட்டியிருக்க வேண்டும். அதற்கும் அவள் வாய்தான் வேண்டியிருந்தது. நான் அவள் கையைக் கெடுக்கப் பார்த்தேன், அவள் என் கையைத் தூக்கிக் காட்டினாள். இனி அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன மிச்சம்?

"இன்னா அக்கா மொறைக்கற?" என்றாள். இரண்டு வாரத்தில் என்னிடம் பேசின முதல் வார்த்தை. "உன் பாட்டில்ல பாதிய நான் காலி பண்ணிட்டேன். அதுக்குத்தான் இது."

வெள்ளிக்கிழமை போனோம். பாயில் என்னை உட்கார வைத்தார்கள். முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். அந்தப் பெண்ணின் கை உண்மையிலேயே வீங்கித்தான் இருந்தது, விரல்கள் பன் மாதிரி. கொண்டுபோன திரவத்தில் லேசாக நுரை எடுத்து, கட்டைவிரலை மடக்கி, மொளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்க வைத்தேன். அறை நிறையப் பெண்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஓரகத்தி மாமியாரையும் மருமகளையும் வைத்து ஒரு பாட்டை எடுத்துவிட்டிருந்தாள். எல்லோரும் அவளைச் சுற்றிக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வளையல் போய் நின்றது. அந்தப் பெண் பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். வளையல் ஏறினதே அவளுக்குத் தெரியவில்லை.

அஞ்சாறு வளையலுக்குப் பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்து, விரலால் தொட்டாள்.

"அம்மா, இங்க பாரேன், பெரியம்மா கை எவ்ளோ மெத்துனு கீது!"

அவள் அம்மா குனிந்து பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மனசார என்னைப் பாராட்டினார்.

"ஆமாண்டி," என்றார். "அச்சு அசல் நம்ம சின்னம்மா கை மாதிரியே கீது."

நான் தலையை நிமிர்த்தவில்லை. "இன்னொரு கையக் குடும்மா," என்றேன்.